பகல் மழை, இரவு ஈரம்

மாலை ஐந்தே கால்.
தோ பாயோ எட்டாம் லோரோங், திறந்தவெளிக் கார்நிறுத்தம்.
தூங்குமூஞ்சி மரம் இலை மடக்கத் தொடங்கும்போது
எனக்கு விடியும்.
மேடம் லோ சாவியை என் உள்ளங்கையில் போடுவார்.
மூன்று வருடமாக ஒரே டாக்சி, ஒரே இருக்கை.
சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

நவம்பரில் தொடங்கியது.
பிரேடல் மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் மிதித்தால்
பக்கத்து இருக்கைப் பாய்க்கு அடியில்
யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம்.
சாங்கியில் முன்னால் ஏறிய ஒருவர்
காலைத் தூக்கிக்கொண்டே வீடுவரை வந்தார்,
படகில் வருவதுபோல.
ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு இறங்கினார்.

தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினேன்:
உங்கள் தண்ணீர்ப் போத்தல் ஒழுகுகிறதா?
மறுநாள் அதே தாளின் பின்புறம்:
நீ ஜன்னலை மூடுவதில்லை.

மழை அவருடைய பகலில் பெய்தது,
ஈரம் என் இரவில் வெளிவந்தது.
நடுவே அந்தத் தண்ணீர்
கம்பளத்துக்குக் கீழே என்ன செய்துகொண்டிருந்தது என்று
இருவரும் கேட்கவில்லை.

பட்டறைக்கு விட்டால் ஒரு நாள் வருமானம் போகும்.
ஞாயிறு காலை, பல்லடுக்கு நிறுத்தத்தின் கழுவுமிடம்.
அவர் குழாயோடு வெளியே.
நான் கைபேசி விளக்கோடு உள்ளே,
தலை தரையில், கால் இருக்கையின் முதுகில்,
டேஷ்போர்டின் அடிவயிற்றைப் பார்த்தபடி.

விரலில் தொட்டு முகர்ந்தேன்.
இனிப்பு வாடை இல்லை, பிசுபிசுப்பும் இல்லை.
ரேடியேட்டர் அல்ல.
ஏர்கான் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது,
சொட்ட வேண்டிய இடத்தில், சிமெண்டுத் தரையில்.
அதற்கு விடுதலை.
கதவு ரப்பரில் முகப் பவுடர் தூவி, சாத்தி,
நீரடித்துத் திறந்து பார்த்தோம்.
பவுடரில் ஒரு கோடுகூட இல்லை.
கதவுக்கும் விடுதலை.

கீழேயிருந்து அடியுங்கள், என்றேன்,
மெதுவாக மேலே போகலாம்.
உச்சியில் தொடங்கினால்
நீர் எல்லாவற்றின் மீதும் வழியும்.
பிறகு எதைப் பார்த்தாலும் குற்றவாளி.

கண்ணாடி ஏற்றினால் பேச்சு கேட்காது.
ஒரு தட்டு: நிறுத்து. இரண்டு தட்டு: மேலே.
இரண்டு தட்டு.
இரண்டு தட்டு.
இருக்கைக்கு அடியில் வெளிச்சம் விழுந்தது:
இருபது காசு, ஒற்றைக் காதணி,
பிழிந்து மடித்த பூத்துவாலை, இன்னும் ஈரமாக.
என்னுடையது அல்ல.
தினமும் சாவி கைமாறும் முன்
யாரோ என் இரவைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு தட்டு.

கண்ணாடியின் கீழ்விளிம்பில்,
வைப்பர் முளைக்கும் இடத்துக்குக் குழாய் வந்ததும்
உள்ளே, இரும்புத் தகட்டின் மூலையில்
ஒரு துளி எட்டிப் பார்த்தது.
ஒயரைப் பிடித்து நடந்தது.
நின்றது.
இன்னும் கொஞ்சம் நடந்து
என் நெற்றியில் விழுந்தது.

ஒரு தட்டு.

மூடியைக் கழற்றினால், உள்ளே மண்.
மரத்தின் மூன்று வருடச் சிற்றிலைகள்
மடங்கியபடியே மக்கி
வடிகால் துளையில் கறுப்புக் களியாக அடைத்திருந்தன.
மேடம் லோ சட்டை ஹேங்கரை நிமிர்த்திக் குத்தினார்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால்,
நெடுநேரம் அடக்கியவன் மாதிரி,
கார் ஒன்றுக்குப் போனது.
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
பல் ஒன்று தங்கம்.

மாலையில் அந்த மரத்தடியில் நிறுத்துவது யார்? என்றார்.
நீங்கள், என்றேன்.
அதிகாலையில்?
நான் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

கம்பளத்தின் அடிப்பஞ்சு காய நான்கு நாளாகும்.
இன்றிரவும் வாடை இருக்கிறது.
சிராங்கூனில் ஏறிய பெண்
புதுச் செருப்பைத் தரையில் வைக்கத் தயங்குகிறாள்.
வைக்கலாம், என்கிறேன்,
இப்போதெல்லாம் வெயிலில்தான் நிறுத்துகிறோம்.
அவளுக்குப் புரியவில்லை.
பிரேடல் இறக்கம் வருகிறது.
ரேடியோவைக் குறைக்கிறேன்.